கோணல் சால்வை

ஆக்னல் சிகரெட்டை விட்ட அன்று கொடைக்கானலில் யாரும் வெடி போடவில்லை. வேன் ஸ்டாண்டில் சக டிரைவர் ஒச்சன் மட்டும், "அப்ப இனிமே நான் தீப்பெட்டிக்கு எங்கிட்டுப் போவேன்" என்று கவலைப்பட்டான். மற்றபடி ஏரியில் படகுகள் போய்க்கொண்டிருந்தன, குதிரைக்காரர்கள் குதிரைகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள், மூடுபனி வழக்கம்போல வேலைக்கு வந்திருந்தது. மலையில் ஒரே ஒரு இடத்தில்தான் கலவரம். அது ஆக்னலின் இரண்டு கைகளில்.

பாதி ஆயுசு சுற்றுலா வேன் ஓட்டிய கைகள் அவை. ஸ்டியரிங் பிடிக்காத நேரமெல்லாம் சிகரெட் பிடித்தே பழகியவை. இப்போது சும்மா இருங்கள் என்றால் கேட்கமாட்டேன் என்றன. சட்டைப் பையைத் தடவின. மீசையில் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கின. துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்தன.

"ஏலே ஆக்னலு, அது கண்ணாடிலே. தேய்ச்சா பூதமெல்லாம் வராது," என்றான் ஒச்சன்.

விட்டதற்குக் காரணம் மகள். ஒரே மகள், ஃபெமினா. பண்ணைக்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிற பரமானந்தத்தின் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளை உண்டாகி, வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிட வேண்டும், தலைப்பிரசவம் அங்கேதான். இது எல்லா வீட்டிலும் நடப்பது, பேச்சே தேவையில்லாதது. ஆனால் ஃபெமினா போன் போட்டுப் பேசினாள்.

"அப்பா, வளைகாப்பு முடிஞ்சு நான் அங்க வரணும்னா ஒரு விஷயம் இருக்கு."

"சொல்லு தாயி."

"வீட்டுல சிகரெட் வாசம் இருக்கக் கூடாது. உங்க மேலயும் இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா நான் வரல. இங்கயே பெத்துக்கிறேன். அத்தை பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் ஆக்னல் சமாளித்திருப்பான். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியம்தான் அவனைப் படுத்தியது. அத்தை பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க. அப்படியானால் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள்.

அவள் சும்மா சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் ஃபெமினாவுக்கு வீசிங். மார்பு பூனைக்குட்டி மாதிரி கத்தும். "மலைப் பனி அப்படி" என்று ஆக்னல் எல்லோரிடமும் சொன்னான். சொல்லும்போது அவன் விரலிடுக்கில் ஒன்று புகைந்துகொண்டிருக்கும். டாக்டர் பிள்ளையைப் பார்க்காமல் அந்த விரலையே பார்த்தார். கடைசியில் பிள்ளையைத் திண்டுக்கல்லில் சிஸ்டர்கள் நடத்துகிற ஹாஸ்டலில் சேர்த்தார்கள். மூச்சு சரியாகிவிட்டது. லீவுக்கு மட்டும் வந்துபோகிற விருந்தாளியாக மகள் வளர்ந்தாள். பனியைக் கீழே அனுப்ப முடியாது, அதனால் பிள்ளையை அனுப்பினோம் என்று ஆக்னல் சொல்லிக்கொண்டான். சிகரெட்டை அனுப்பியிருக்கலாம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. புஷ்பமேரி சொன்னாள்தான். மனைவி சொன்னதைக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் அப்போது அவனிடம் இல்லை.

அதனால் இந்த முறை நிஜமாகவே விட்டான். விட்ட அன்று சாயந்திரத்துக்குள் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய், ஒரு பொட்டலம் முறுக்கு, சோம்பு ஒரு கைப்பிடி எல்லாம் காலி. கைகள் மட்டும் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து டிவி ரிமோட்டைப் பிரித்துப்போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

புஷ்பமேரி ஒரு போர்டிங் ஸ்கூலில் துணி அறையைப் பார்த்துக்கொள்கிறவள். பிள்ளைகளின் ஸ்வெட்டர்களில் விழுகிற ஓட்டைகளை அடைப்பது அவள் வேலை. பின்னல் ஊசி அவளுக்கு ஆறாவது விரல். ரிமோட்டின் கோலத்தைப் பார்த்துவிட்டு, மூங்கில் ஊசிகள் இரண்டையும் ஒரு வெள்ளைக் கம்பளி நூல் உருண்டையையும் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"என்ன இது?"

"கைக்குச் சோலி. ஃபெமிக்கு ஒரு சால்வை போடுங்க. பச்ச உடம்புக்காரிக்கு இங்க குளிரும்ல."

"ஆம்பள பின்னுவானா?"

"ரிமோட்டப் பிரிக்கிறவன் பின்னலாம்."

ஆக்னல் சால்வை என்றால் சாதாரணச் சால்வை போடமாட்டான். லேஸ் போட வேண்டும் என்றான். இலை இலையாக ஓட்டை விழுந்த, தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிகிற லேஸ். சைக்கிளே ஓட்டாதவன் நேராக வேன் கேட்கிறான் என்று புஷ்பமேரிக்குத் தோன்றினாலும் சொல்லிக்கொடுத்தாள். ஊசியில் விழுகிற ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் ஒரு கண்ணி குறையும். ஊசிமேல் நூலை வெறுமனே ஒரு சுற்று சுற்றினால் ஒரு கண்ணி கூடும். அந்த இடத்தில் ஓட்டை விழும். ஓட்டைகள் சொன்ன இடத்தில் விழுந்தால் இலை. சொல்லாத இடத்தில் விழுந்தால் பூச்சி அரித்தது.

ஆக்னலின் முதல் இலை பூச்சி அரித்த இலையாகத்தான் வந்தது. அதையும்விடப் பெரிய வியாதி, இறுக்கம். நூலைச் சுண்டி இழுத்துத்தான் அவனுக்குப் பின்ன வந்தது. கண்ணிகள் ஊசியைக் கவ்விக்கொண்டு நகரமாட்டேன் என்றன.

"கொஞ்சம் லூசா விடுங்க. கன்னுக்குட்டியா கட்டிப் போடுறீங்க?"

"விட்டா ஓடிப்போயிரும் போல இருக்கு மேரி."

"நூலு எங்கயும் ஓடாது. நீங்க ஓடாம இருங்க."

அவன் சால்வையை ஸ்டாண்டுக்கும் கொண்டுபோனான். வேறு வழியில்லை, கை நமநமப்பது அங்கேதான் அதிகம். டூரிஸ்டுகள் இறங்கிச் சுற்றிவருகிற நேரமெல்லாம் டிரைவருக்கு வெறும் காத்திருப்பு. பில்லர் ராக்கில் காத்திருப்பு, பைன் காட்டில் காத்திருப்பு, சாக்லேட் கடை வாசலில் காத்திருப்பு. முன்பெல்லாம் ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு சிகரெட். இப்போது ஒவ்வொன்றுக்கும் அரை வரிசை.

ஒச்சன் முதல்நாளே ஆர்டர் கொடுத்தான். "எனக்கொரு ஜட்டி போட்டுத் தாயேன்லே. குளிருக்கு எதமா இருக்கும்."

"ஓட்டை ஓட்டையாத்தான் வரும். பரவாயில்லையா?"

"காத்தோட்டந்தானே. போடு."

சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் ஆக்னல் பின்னுவதை வீடியோ எடுத்தாள். "அங்கிள், யாருக்கு?" என்று கேட்டாள். "மகளுக்கு" என்று சொல்ல வாயெடுத்தவன், "மக வந்தா மகளுக்கு, வரலைன்னா ஜன்னலுக்கு" என்றான். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அந்த வரிசை முழுக்க இறுகிப்போனது.

அவனுக்கு அது ஓயவே இல்லை. வருவாளா, மாட்டாளா. படுத்தால் வருவாள் என்று தோன்றும், எழுந்தால் மாட்டாள் என்று தோன்றும். மகளுக்கென்று ஒதுக்கிய அறையில் கட்டிலை ஜன்னலோரம் போட்டான், காற்று வரும் என்று மறுபக்கம் மாற்றினான், வெளிச்சம் போதாதென்று பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். திரைச்சீலைகளைக் கழற்றி, துவைத்து, முகர்ந்து, மறுபடி துவைத்தான். சுவருக்கு வெள்ளையடித்தான். புஷ்பமேரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கட்டிலுக்கே தலை சுத்துதுங்க. விட்டுருங்க" என்றாள்.

இதற்கு நடுவில்தான் பில்லர் ராக்கில் அந்தக் காரியம் நடந்தது.

அன்று பனி என்றால் அப்படி ஒரு பனி. பாறையும் தெரியவில்லை, பாறையைப் பார்க்கக் கட்டிய கம்பிவேலியும் தெரியவில்லை. ஈரோட்டிலிருந்து வந்திருந்த குடும்பம் வெள்ளையாக இருந்த ஒரு திசையின் முன் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. குடும்பத் தலைவர் வந்து, "டிரைவர், இது எப்ப வெலகும்?" என்றார், ஆக்னல்தான் பனியைப் போர்த்தி வைத்திருக்கிற மாதிரி.

"கேட்டுச் சொல்றேங்கய்யா," என்றான் ஆக்னல்.

பக்கத்தில் ஒச்சன் ஒரு சிகரெட்டை உருவிவிட்டுப் பழக்கதோஷத்தில் பாக்கெட்டை இந்தப் பக்கம் நீட்டினான். நீட்டிய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் ஆக்னலின் கை போய் எடுத்துவிட்டது. தலைக்குத் தகவல் வந்து சேரும்போது பாதி சிகரெட் தீர்ந்திருந்தது. அன்று மகள் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டில் சண்டையில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. சாக்குக்கு ஒரு காரணம்கூட இல்லாமல் மீதிப் பாதியையும் பிடித்து முடித்தான்.

முடித்ததும் யூகலிப்டஸ் இலையைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்தான். குழாயில் வாய் கொப்பளித்தான். சட்டையைக் கழற்றி உதறினான். அந்தக் குளிரில் பனியனோடு நின்றவனைப் பார்த்து ஈரோட்டுக் குடும்பம் ஒதுங்கிப் போனது. பிறகு வேனுக்குள் ஏறி, வெட்கத்தோடு ஊசியைக் கையில் எடுத்தான்.

அப்புறம் பாருங்கள், அந்தப் பின்னலை. கை தண்ணீரில் போகிற மாதிரி போனது. கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அளவில், சொன்னபடி வந்து உட்கார்ந்தன. ஓட்டைகள் வட்டமாகத் திறந்தன. இலைக்கு நரம்பு தெரிந்தது. ஒரு இலை முடிந்து இன்னொரு இலையும் முடிந்தது. ஆக்னல் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். வெட்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த இடத்தில் பெருமை காலைப் போட்டு உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பமேரியிடம் காட்டினான். அவள் விரலால் அந்த இடத்தைத் தடவினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த எடத்த மட்டும் அவுத்துட்டு மறுபடி போடுங்களேன்."

"ஏன்? இருக்கிறதுலயே இதானே நல்லா வந்திருக்கு."

"அதான் சொல்றேன்."

ஆக்னல் மாட்டேன் என்றுவிட்டான். கற்றுக்கொண்டவன் தன்னைத் தாண்டிப் போகிறானே என்று அவளுக்குப் பொறாமை என்று முடிவு கட்டினான். மனசுக்குள்தான். வெளியே சொல்லியிருந்தால் அவள் அன்றே விளக்கியிருப்பாள்.

மறுநாளிலிருந்து பழைய குருடி. இன்னும் சொன்னால், பழையதைவிட மோசம். ஒரு தடவை ருசி கண்ட உடம்பு ஒவ்வொரு காத்திருப்பிலும் கூப்பாடு போட்டது. ஆக்னல் வேனை ஸ்டாண்டின் மறுகோடிக்கு, கழிப்பறைக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டான். அந்த வாசத்துக்கு அங்கே யாரும் சிகரெட் பிடிக்கக்கூட வருவதில்லை. அங்கே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினான். ஒருநாள் இழுத்த இழுப்பில் மூங்கில் ஊசி ஒன்று படக்கென்று ஒடிந்தது. பிறகு ஒருவழியாக, நாளாக நாளாகக் கை இளக ஆரம்பித்தது. எப்போது இளகியது என்று அவன் கவனிக்கவில்லை.

சால்வை முடிந்ததும் விரித்துப் பார்த்தார்கள். ஒரே எண்ணிக்கைக் கண்ணிதான் அடியிலிருந்து நுனிவரை. ஆனால் ஆரம்பம் குறுகி, சற்றுத் தள்ளி ஓர் இடத்தில் தொப்பை போட்டு, மறுபடி ஒடுங்கி, பிறகு மெல்ல மெல்ல அகன்று அகன்று போனது.

"தமிழ்நாட்டு மேப்பைத் தலைகீழாப் பிடிச்ச மாதிரி இருக்கே," என்றான் ஆக்னல்.

"நனைச்சு இழுத்துக் காயப் போட்டா கொஞ்சம் நேராகும்," என்றாள் புஷ்பமேரி. "கொஞ்சந்தான்."

லேஸுக்கு அதுதான் முறை. ஈரத்தோடு இழுத்து, சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவிட்டால்தான் ஓட்டைகள் திறந்து இலை தெரியும். ஷாம்பு போட்டு அலசினார்கள். ஸ்டாண்டில் பத்துப்பேர் விட்ட புகை நூலில் ஏறியிருக்குமோ என்று ஆக்னல் இன்னொரு தடவை அலசினான். மெத்தையில் விரித்துக் குண்டூசி குத்தினார்கள். அதோடு நவம்பர் மாதத்துப் பனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சால்வை காயவில்லை. காலையில் தொட்டால் ஈரம், சாயந்திரம் தொட்டால் அதைவிட ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. சனிக்கிழமை சாயந்திரம்வரை அறைக்கும் வாசலுக்குமாக நடந்து தீர்த்த ஆக்னல், யோசிக்காமல் ஒரு காரியம் செய்தான். மலையில் எல்லாரும் செய்கிற காரியம்தான். குளிக்க வெந்நீர் போடுகிற விறகடுப்புக்கு மேலே கொடி கட்டிச் சால்வையைத் தொங்கவிட்டான். மழைக்காலத்தில் பள்ளிக்கூடச் சாக்ஸ் முதல் பாவாடை வரை அங்கேதான் காயும். கொடைக்கானல் பிள்ளைகள் அந்த மூன்று மாதமும் புகை வாசத்தோடுதான் பரீட்சை எழுதுவார்கள்.

புஷ்பமேரி பூ வாங்கிக்கொண்டு வந்தவள், வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள். அப்போதுதான் ஆக்னலுக்கு உறைத்தது.

சால்வையை எடுத்து முகர்ந்தான். புகை. சுத்தமான, சந்தேகமேயில்லாத புகை.

"வெறகுப் புகைதாங்க இது. சிகரெட்டு இல்லையே," என்றாள் புஷ்பமேரி.

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவ கேட்டா என்ன சொல்றது?"

"வெறகுப் புகைன்னு சொல்லுங்க."

ஆக்னல் சால்வையோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டான். ஃபெமினா லீவுக்கு வந்த காலத்தில், வாசலில் இழுத்துவிட்டு உள்ளே வருவான். அவள் மூக்கைத் தூக்கிப் பார்ப்பாள். "வெறகுப் புகை தாயி" என்பான். ஒவ்வொரு லீவுக்கும் அதே பொய். இப்போது அதுவே உண்மையாகியும் சொல்ல முடியவில்லை.

ஜில்லென்ற தண்ணீரில் மூன்றாவது தடவையாக அலசினான். விரலெல்லாம் மரத்துப்போனது. காலையில் வெள்ளனே எழுந்து, சொட்டச் சொட்ட இருந்த சால்வையை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, வளையல் தட்டுக்கும் பழக்கூடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வேனைக் கிளப்பினான். பெருமாள்மலை தாண்டும்வரை பனி. ஊத்து வந்ததும் விலகியது. பண்ணைக்காட்டில் வெயில், சும்மா கொட்டிக் கிடந்தது.

பரமானந்தம் வாசலுக்கு வந்து வரவேற்றவர் வாளியைப் பார்த்தார். "என்ன சம்பந்தி, சீர் வாளியில வருது?"

"சம்பந்தி, உங்க களத்துல கொஞ்சம் எடம் வேணும்."

"காபி காயுதே."

"அதுக்குப் பக்கத்துல சால்வை காயட்டும்."

பழம் பரப்பியிருந்த களத்தின் ஓரத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வேட்டியை விரித்து, அதன்மேல் சால்வையை இழுத்துக் குண்டூசி குத்தினார்கள். பட்டுப்புடவையோடு புஷ்பமேரி ஒரு பக்கம், வெள்ளைச் சட்டையோடு ஆக்னல் ஒரு பக்கம். சொந்தக்காரர்கள் வந்து இறங்கும்போதெல்லாம் சம்பந்தி வீட்டார் கட்டிலோடு மல்லுக்கட்டுகிற காட்சியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். பிறகு புஷ்பமேரியை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆக்னல் மட்டும் கோழி விரட்டிக்கொண்டு காவலுக்கு நின்றான். அக்கம்பக்கத்து வீட்டுக் கோழிகள் இருபதுக்கும் அன்று லேஸ்மேல்தான் ஆசை.

உள்ளே உபதேசியார் ஜெபம் சொல்கிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண், "அப்ப இன்னைக்கே கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்பதும், புஷ்பமேரி, "பாப்போம்" என்பதும் கேட்டது. அந்தப் 'பாப்போம்' அவனைக் களத்தில் நிற்க விடவில்லை. ஜன்னல் வழியாக மகளின் அறையை எட்டிப் பார்த்தான். மடித்த புடவைகள் அலமாரியில் அப்படியே அடுக்கியிருந்தன. பெட்டி பரணில் இருந்தது. கட்டாத பெட்டி.

வெயில் சீக்கிரமே வேலையை முடித்துவிட்டது. மலையில் நாள் கணக்கில் காயாதது இங்கே கோழி விரட்டுகிற நேரத்தில் காய்ந்து மொறுமொறுத்தது. ஊசிகளைப் பிடுங்கி, முகர்ந்தான். ஒச்சனின் புகை இல்லை, விறகுப் புகை இல்லை. காய்கிற காபிப் பழத்தின் புளிப்பு வாசம் மட்டும் இலேசாக. மூக்கைப் பொறுத்தவரை தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது ஃபெமினா அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை வளையல், கன்னத்தில் சந்தனம், வயிறு முன்னால். ஆக்னல் கட்சிக்கூட்டத்தில் பொன்னாடை போர்த்துகிறவன் மாதிரி சால்வையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு போய் அவள் தோளில் போட்டான். புஷ்பமேரி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீங்களேவா போட்டீங்க?" என்றாள் ஃபெமினா.

"ஒச்சனும் கேட்டான், நான் தரல."

அவள் சால்வையின் நுனியை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். ஆக்னல் மூச்சை நிறுத்திக்கொண்டான்.

"காபிக் களத்து வாசம் வருது," என்றாள்.

ஆக்னல் மூச்சை விட்டான். அவள் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் விரித்தாள். ஹாஸ்டலில் சிஸ்டர்களிடம் பின்னல் கற்றவள். தொடங்கிய இடத்திலிருந்து விரலை வைத்து வாசிக்கிற மாதிரி நகர்த்தினாள்.

"இங்கதான் ஆரம்பமா? நூலுக்கு மூச்சே விடலையே."

"முத நாளு. கை நிக்கல."

"இங்க ஒரு கண்ணி விட்டுப்போச்சு."

"அது ஒச்சன் சிரிப்புக் காட்டினான்."

விரல் தொப்பைக்கு வந்து நின்றது. அவள் அந்த இலைகளை இரு கைகளாலும் இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஆக்னலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அந்த எடம் நல்லா வந்திருக்குல்ல? உங்கம்மா அவுக்கச் சொன்னா. நான் விடல."

புஷ்பமேரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லா வந்திருக்கு," என்றாள் ஃபெமினா. "முன்னால பூரா கை நடுங்கியிருக்கு. அடுத்தாப்பலயே இறுகியிருக்கு. இங்க மட்டும் இவ்வளவு நிதானமா எப்படிப்பா வந்துச்சு?"

ஆக்னல் மனைவியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மூக்குக்குப் பயந்து மூன்று தண்ணீரில் அலசியவனுக்கு, கண்ணும் விரலும் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வாய்க்குள் சாக்குகள் வந்து வரிசையில் நின்றன. பனி, ஈரோட்டுக்காரர், ஒச்சன் நீட்டியது. எல்லாம் பழகிய முகங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

"ஒண்ணு," என்றான்.

"முழுசாவா?"

"முழுசா."

"யாரும் எதுவும் சொன்னாங்களா? ஏதாச்சும் கஷ்டமா?"

"ஒண்ணும் இல்ல தாயி. சும்மாதான் பிடிச்சேன்."

வெளியே யாரோ அப்பளம் கேட்டார்கள். ஆக்னலின் கை மீசைக்குப் போனது, பையைத் தடவியது, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஃபெமினாவின் விரல் மறுபடி நகர்ந்தது. தொப்பையைத் தாண்டி, ஒடுங்கிய இடத்துக்கு வந்தது. அங்கே ஓட்டைகளே தெரியவில்லை. குண்டூசியும் வெயிலும் சேர்ந்து இழுத்தும் திறக்காத கண்ணிகள். நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

"இதுக்கப்புறம் இல்ல போல."

"இல்ல. நீ நம்பணும்னு இல்ல."

"நம்புறதுக்கு என்ன இருக்கு, அதான் தெரியுதே. ஊசி ஒடிஞ்சிருக்குமே."

"ஒடிஞ்சது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த ஒடுங்கிய வரிசைகளையே பார்த்தாள். "லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பின வாரம் என் பின்னலும் இப்படித்தான் இருக்கும்," என்றாள். "சிஸ்டர் பாத்துட்டு, இப்பத்தான் வீட்டுல இருந்து வந்தியாம்பாங்க."

"இருமலு வந்துரும்ல, இங்க வந்துட்டுப் போனா," என்றான் ஆக்னல், மெதுவாக.

"இருமல் ரெண்டு நாள்ல போயிரும்ப்பா. இது அது இல்ல."

ஆக்னலுக்குச் சட்டென்று ஒரு ஜோக் வேண்டும்போல் இருந்தது. எப்போதும் கையில் ஒன்றிரண்டு வைத்திருப்பவன்தான். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. குனிந்து, கீழே விழாத ஒரு குண்டூசியைத் தேடினான். தேடி முடிக்க நேரமாயிற்று.

"அம்மா," என்றாள் ஃபெமினா, "அந்தப் பரண்ல இருக்கிற பெட்டிய எடு."

புஷ்பமேரி எழுவதற்குள் ஆக்னல் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டான்.

"வாசம் வந்துச்சுன்னா மறுநாளே இறங்கிருவேன்ப்பா. சொல்லிட்டேன்."

"நானே கொண்டாந்து விடுறேன்."

"நீங்க வேணாம். ஒச்சன் மாமாவ வரச் சொல்லுவேன்."

"அவன் வண்டியிலதான் பூராப் புகையும்," என்றான் ஆக்னல், பெட்டியோடு ஸ்டூல்மேல் நின்றபடி. மகள் சிரித்தாள். சிரித்தாளே தவிர, சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

மத்தியானம் கழிந்து கிளம்பினார்கள். பின்சீட்டில் தாயும் மகளும், நடுவில் தலையணைகள். கோணல் சால்வை ஃபெமினாவின் தோளில். அகன்ற பக்கம் ஒரு தோளைப் போர்த்தி மிச்சமிருக்க, குறுகிய பக்கம் மறுதோளை எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஊத்து தாண்டி ஏற்றம் பிடித்ததும் பனி வந்தது. ஆக்னல் விளக்கைப் போட்டான். வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றும்போது கை நடுங்கி, கியர் கரகரவென்று கத்தியது. பாதி ஆயுசு ஓட்டிய ரோடு.

"ஏங்க, பிள்ளத்தாச்சி இருக்கா. பாத்து ஓட்டுங்க," என்றாள் புஷ்பமேரி.

"திட்டாதம்மா," என்றாள் ஃபெமினா, கண்ணை மூடியபடியே. "வண்டி வழுக்கிக்கிட்டுப் போனாத்தான் எனக்குப் பயம். சின்னப் பிள்ளையிலயே அத வச்சுத்தான் கண்டுபிடிப்பேன், அப்பா எங்க நிறுத்தி இழுத்துட்டு வந்திருக்காருன்னு."

ஆக்னல் கண்ணாடியில் பார்த்தான், அவள் கண் திறக்கவில்லை. அடுத்த வளைவு வந்தது. கியர் மறுபடியும் கரகரத்தது. தானாகக் கரகரத்ததா, அவன் கொஞ்சம் கூடச் சேர்த்துக் கரகரக்க விட்டானா என்பது அவனுக்கே நிச்சயமில்லை.